மலக்குடற் பெருங்கட்டியும் ரண சிகிச்சையும்



பெங்களூரிலிருந்து ஒசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து சிறிது தூரம் சென்றால் ஹெப்பகோடி வரும். அதனை அடுத்திருப்பது பொம்மசந்திரம். தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த தமிழர் பலர் வாழ்கின்றனர். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து மெட்ரோ ரயிலும் ஹெப்பகோடி வழியாகப் பொம்மசந்திரம் வரை ஓடுகிறது.

இங்கே ஓர் ஆலையில் வேலை செய்யும் ஐம்பது வயதுத் தமிழர் ஒருவரை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் கலந்து வருகிறது. மலம் கழித்த பின்னும், இன்னும் கழிக்க வேண்டும் என்ற உணர்ச்சி நீங்குவதில்லை. ஓடிச் சென்றால், முட்டை வெண்கருவைப் போன்ற சளி மட்டுமே வெளிப்படுகிறது. வீட்டாரிடம் சொல்ல வெட்கம். மேஸ்திரியிடம் அடிக்கடி அனுமதி கேட்கக் கூச்சம். 'மூலந்தான், உஷ்ணம்' என்று தாமே முடிவு கட்டி, மோரும் வெந்தயமும் உட்கொள்கிறார். பிறகு, 'மூலம், பவுத்திரம்' என்று சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்து ஒரு களிம்பு வாங்குகிறார். குணமாகவில்லை. 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம்' என்று தள்ளிவைக்கிறார்.

அவருக்கு இருப்பது மூலமாகவே இருக்கலாம்; அதுவே மிகப் பலருக்கு உண்மை. ஆனால் அது மலக்குடலில் வளர்ந்த ஒரு பெருங்கட்டியாகவும் இருக்கலாம். அந்தக் கட்டி இன்னும் புற்றுநோயாக மாறாதிருக்கலாம். மாறாதிருக்கும் அந்தக் காலத்திலேயே அதனைக் கண்டு அகற்றிவிட்டால், வயிற்றைக் கீறாமலும், ஆசனவாயை இழக்காமலும் அவர் முழு நலம் பெறக்கூடும். தள்ளிவைப்பதால் அவர் இழக்கக்கூடிய வாய்ப்பு எத்தகையது என்பதையே இப்பேச்சில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோர்க்கு 'பினைன்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு சங்கடம். 'தீங்கற்ற கட்டி' என்று அதனைத் தமிழில் எழுதிவிடுகிறோம். படிப்பவரோ, 'தீங்கில்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார்; பிறகு ஏன் வெட்டி எடுக்க வேண்டும்?' என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதே; குறை சொல்லில் இருக்கிறது. வைத்திய நூலில் அச்சொல்லுக்குப் பொருள், 'சுற்றியுள்ள திசுக்களை ஊடுருவாத, வேறு உறுப்புக்குப் பரவாத கட்டி' என்பதே. இன்றைய நிலையைக் கூறுவது அது. நாளைக்கு உறுதி அளிப்பதன்று.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. ஆசனவாய்க்கு மேலே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம் அமைந்தது. அதன் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளே ஈரமான சளிச்சவ்வு; அதன் கீழே தளர்ந்த மெல்லிய திசு; அதற்கும் கீழே தசை; தசைக்கு வெளியே கொழுப்பும், அக்கொழுப்பினுள் நிணநீர்க் கணுக்களும் உள்ளன. மலத்தை அடக்கும் ஆற்றலைத் தருவது ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை. இந்த அடுக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர்ச் சொல்லப்போகும் சிகிச்சை முறைகள் எளிதில் விளங்கும். கட்டி எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே கத்தி எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது.

நாம் பேசும் கட்டி சளிச்சவ்விலுள்ள சுரப்பித் திசுவில் தோன்றுவது. டாக்டர்கள் இதனை 'அடினோமா' என்பர். சில, காளானைப் போலக் காம்புடன் வளரும். இவற்றை எடுப்பது எளிது. வேறு சில, ஜமக்காளம் விரித்தாற்போலச் சுவரில் பரந்து படரும். மேற்பரப்பு மெல்லிய இழைகள் நிறைந்து மெத்தென்றிருக்கும். மலக்குடலில் இவை பல சென்டிமீட்டர் அகலம் வரை வளர்வதுண்டு. மிகவும் மென்மையாக இருப்பதால், டாக்டரின் விரலுக்குக்கூட இவை சில வேளைகளில் தட்டுப்படுவதில்லை.

இவ்வகைக் கட்டி சளியை ஓயாது சுரக்கும். அரிதாகச் சிலருக்கு அது நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலாகப் பெருகி, உடலிலுள்ள நீரையும், சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளையும் வெளியேற்றிவிடும். அப்போது கைகால்கள் சோர்ந்து, சிறுநீரகம் பழுதடைந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். மெக்கிட்ரிக், வீலாக் என்ற இரு அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர்கள் 1954-ஆம் ஆண்டில் இதனை விவரித்தனர். அவர்கள் பெயராலேயே இந்நிலை இன்றும் வழங்குகிறது. புற்றுநோயாக மாறாத கட்டியும் மனிதனைப் படுக்கையில் வீழ்த்த வல்லது என்பதற்கு இது சான்று.

எனினும், முக்கியமான அபாயம் வேறு. லண்டனில் மலக்குடல் நோய்களுக்கென்றே 1835-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில், மூட்டோ, புஸ்ஸி, மார்சன் என்ற மூவர் ஆயிரக்கணக்கான கட்டிகளை ஆராய்ந்து 1975-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில் நூற்றுக்கு 1.3 மட்டுமே புற்றைக் கொண்டிருந்தன. 1 முதல் 2 சென்டிமீட்டர் உள்ளவற்றில் நூற்றுக்கு 9.5, இரண்டு சென்டிமீட்டரைக் கடந்தவற்றிலோ நூற்றுக்கு 46. இது ஒரு மருத்துவமனைக்கு வந்த கட்டிகளின் கணக்கே; எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆனால் அது காட்டும் நியதி இன்றும் மாறவில்லை. கட்டி பெரிதாகப் பெரிதாக, அதன் ஏதேனும் ஒரு மூலையில் புற்று முளைத்திருக்கும் வாய்ப்பும் பெருகுகிறது. இம்மாற்றம் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளே நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

இனி, சிகிச்சை வளர்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம். மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில், சிறுநீர்ப்பைக்கும் கருப்பைக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. அதனை அணுகுவதே பெரும்பாடு. ஜெர்மானிய நிபுணர் கிராஸ்கே 1885-ஆம் ஆண்டில், முதுகுப்புறமாக, வால் எலும்பின் பக்கத்தில் வழி திறந்து அணுகினார். ஆங்கில நிபுணர் எர்னெஸ்ட் மைல்ஸ் 1908-ஆம் ஆண்டில், வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் ஒருங்கே நுழைந்து, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றும் முறையை வெளியிட்டார். புற்றுநோய்க்கு அது பேருதவி புரிந்தது. ஆனால் நோயாளி எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வயிற்றில் ஒரு துளையும் அதன்மேல் ஒரு பையுமாக வாழ வேண்டியதாயிற்று. புற்றாக மாறாத கட்டிக்கும் அத்தகைய விலையைக் கொடுப்பது முறையா என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ் குறிப்பிடத்தக்கவர். ஆசனவாயைத் தாமே வடிவமைத்த ஒரு கருவியால் விரித்து, சளிச்சவ்வின் கீழே மருந்துநீரை ஊசியால் செலுத்தி, கட்டியைத் தசையினின்றும் மேலே எழுப்பி, சவ்வோடு சேர்த்து உரித்தெடுக்கும் முறையை அவர் 1968-ஆம் ஆண்டில் விளக்கினார். வயலில் புல்லைப் பத்தையாகப் பெயர்த்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதுபோன்றதே இது. ஆனால் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் கீழ்ப்பகுதிக் கட்டிகளுக்கே இம்முறை பொருந்தியது. மேலே உள்ளவற்றைச் சரிவரப் பார்க்க இயலாமல், ஓரங்களில் சிறிது விட்டுவிடவும், கட்டி மீண்டும் வளரவும் நேர்ந்தது.

இக்குறையைப் போக்கியவர் ஜெர்மானியரான கெர்ஹார்டு பூஸ். 1983-ஆம் ஆண்டில் அவர் கையாளத் தொடங்கிய முறையில், 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழல் ஆசனவாய் வழியாக நுழைக்கப்படுகிறது. அது வேண்டிய அளவுக்கு ஏற்ப 12 அல்லது 20 சென்டிமீட்டர் நீளமுடையது. கரியமில வாயுவைச் செலுத்தி மலக்குடலைப் பந்துபோல் விரிக்கின்றனர். இரு கண்களாலும் நோக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் கட்டியின் ஓரம் தெளிவாகத் தெரிகிறது. கட்டியைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் அளவு நல்ல திசுவையும் சேர்த்து எல்லை குறித்து, மின்கத்தியால் ஒரே துண்டாக அறுத்தெடுத்து, புண்ணின் வாயை உள்ளேயே தைத்துவிடுகின்றனர். தேவையானால் தசை உட்பட முழுச் சுவரையும் எடுக்கலாம். உடலின் வெளியே ஒரு தையலும் இராது.

பூஸின் கருவித் தொகுதி விலை உயர்ந்தது. பழகுவதற்கும் நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் ஓர் எளிய வழியை வெளியிட்டனர். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் ரண சிகிச்சைக்குரிய சாதாரணக் கருவிகளையே, ஆசனவாயில் பொருத்தும் மென்மையான ஒரு வளையத்தின் மூலம் செலுத்தி, அதே வேலையை முடிப்பது அது. அத்தகைய கருவிகள் நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கெனவே இருப்பதால், இவ்வழி நமக்குப் பெரிதும் ஏற்றது.

ரண சிகிச்சை நிபுணரின் கத்தியன்றி, உள்நோக்கிக் குழலின் வழியாகவே கட்டியை எடுப்பதும் உண்டு. வளையும் குழலால் பெருங்குடலைப் பார்த்து, கம்பிச் சுருக்கிட்டுக் கட்டியை அகற்றும் வேலை 1969-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கிற்று. பெரிய கட்டியாயின், அடியில் நீரைச் செலுத்தி எழுப்பித் துண்டு துண்டாக எடுப்பர். இது விரைவில் முடியும்; ஆனால் ஓரத்தில் எஞ்சியது மீண்டும் முளைக்கும் வாய்ப்பு சற்று அதிகம். முளைத்தாலும் பெரும்பாலும் மறுமுறை அகற்றிவிடலாம். 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானியர், இரைப்பைக் கட்டிகளுக்காக, நுண்ணிய மின்கத்தியால் அடித்திசுவைச் சிறிது சிறிதாக அறுத்து முழுக் கட்டியையும் ஒரே துண்டாக எடுக்கும் முறையை உருவாக்கினர். பின்னர் அது குடலுக்கும் வந்தது. மணிக்கணக்கில் பொறுமையும், தேர்ந்த கையும் வேண்டும் வேலை அது.

ஒரே துண்டாக எடுப்பதில் ஏன் இத்தனை அக்கறை? எடுத்த கட்டியை ஒரு தக்கைப் பலகையின்மேல் விரித்து, ஊசிகளால் குத்தி நிறுத்தி, திசுப் பரிசோதனை நிபுணருக்கு அனுப்புகின்றனர். ஓரம் முழுவதும் சுத்தமாக உள்ளதா, அடியில் எங்கேனும் புற்று இறங்கியுள்ளதா, இறங்கியிருப்பின் எவ்வளவு ஆழம் என்பவற்றை அவர் நுண்ணோக்கியால் கண்டு கூறுவார். கிழிந்த கடிதத்தின் துண்டுகளைச் சேர்த்துப் படிப்பதற்கும், முழுக் கடிதத்தைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் உண்டு. முன்னதாகக் கிள்ளி எடுத்த சிறு துணுக்கில் 'புற்று இல்லை' என்று வந்திருந்தாலும், முழுக் கட்டியைப் பார்த்த பின்னரே இறுதித் தீர்ப்பு.

தீர்ப்பு சில வேளைகளில் மாறுவதும் உண்டு. புற்று மிக மேலோட்டமாக இருந்து, ஓரங்கள் சுத்தமாக இருந்தால், அந்தச் சிகிச்சையே போதியதாகலாம். ஆழமாக இறங்கியிருந்தாலோ, நாளங்களில் நுழைந்திருந்தாலோ, நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கக் கூடுமாதலால், வயிற்றின் வழியாகப் பெரிய ரண சிகிச்சை செய்ய வேண்டிவரும். இதனை முன்கூட்டியே அறிந்திருந்தால், 'முதலில் ஒன்று சொன்னார்கள், இப்போது வேறு சொல்கிறார்கள்' என்று மனம் நொந்து, சிகிச்சையைப் பாதியில் விடும் நிலை ஏற்படாது.

சிகிச்சைக்கு முன் செய்யப்படும் பரிசோதனைகளையும் தெரிந்துகொள்வது நலம். டாக்டர் விரலால் சோதிப்பது முதற்படி. அதற்கு நாணுதல் கூடாது. அடுத்து, உள்நோக்கிக் குழலால் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். ஒரு கட்டி உள்ளவருக்கு மேலே வேறொன்றும் இருத்தல் கூடும். பிறகு எம்.ஆர்.ஐ. படமோ, மலக்குடலின் உட்புறமாக எடுக்கும் ஒலியலைப் படமோ எடுத்து, கட்டி எந்த அடுக்கு வரை இறங்கியுள்ளது என்று மதிப்பிடுவார்கள். இவற்றிற்குப் பின்னரே எந்த முறை பொருந்தும் என்பது முடிவாகும். எவ்வளவு சிறந்த முறையாயினும், எல்லாக் கட்டிக்கும் அது ஏற்றதாகாது. குடலைச் சுற்றி வளைத்துப் படர்ந்த கட்டிக்கு வயிற்று வழியே தேவைப்படலாம்.

ஆசனவாய் வழியே கட்டியை அகற்றிய பின் பெரும்பாலோர் சில நாள்களுக்குள் வீடு திரும்புகின்றனர். துன்பமே இராது என்று சொல்லோம். இரத்தக் கசிவு, காய்ச்சல், சிறுநீர் பிரியாமை ஆகியவை சிலருக்கு ஏற்படும். குழலால் சுருக்குத் தசை விரிவடைந்ததன் காரணமாக, சில வாரங்கள் மலத்தையோ வாயுவையோ அடக்க இயலாமற் போகலாம். பெரும்பாலும் அது தானே சரியாகும். கட்டி உயரத்தில் இருந்தால், அறுக்கும்போது வயிற்றறை திறந்துகொள்ளவும் கூடும். அதனை உடனே தைத்து மூடுவார்கள். வீடு திரும்பிய பின் மிகுந்த இரத்தப்போக்கோ, கடும் வயிற்றுவலியோ, குளிர்க்காய்ச்சலோ கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குணமான பின்னரும், டாக்டர் குறிக்கும் தவணைகளில் உள்நோக்கிப் பரிசோதனைக்குத் தவறாது செல்வது அவசியம். மீண்டும் முளைத்தாலும் சிறியதாக இருக்கும்போதே கண்டுவிடலாம்.

'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்' என்று எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புற்றுநோய் நிலையம் தமிழரின் பெருமை, ஐயமில்லை. ஆனால் ஹெப்பகோடியில் வாழ்பவர் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. அருகிலேயே பொம்மசந்திரத்தில் 2009-ஆம் ஆண்டில் மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. நகருக்குள், நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் அண்மையில், 1973-ஆம் ஆண்டில் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் கர்நாடக அரசின் ஆதரவில் நடைபெறுகிறது. ஆலைத் தொழிலாளர் தமக்குரிய ஈ.எஸ்.ஐ. அட்டையையும், 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தில் சேர்ந்தோர் அதற்குரிய அட்டையையும் தவறாது எடுத்துச் செல்லவேண்டும். ஆயுஷ்மான் திட்டத்தின்கீழ், வேறு மாநிலத்தில் அட்டை பெற்றவரும் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் சிகிச்சை பெற வழியுண்டு. சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் உதவி மேசையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். கன்னடத்திலும் மூலத்திற்கு 'மூலவ்யாதி' என்பதே பெயர். ஆனால் அந்தச் சொல்லை நாமே முந்திக்கொண்டு டாக்டரிடம் கூறுவது தவறு. அது நோயின் பெயர், நம் உடலில் நிகழ்வது அன்று. 'மலதல்லி ரக்த' என்றால் மலத்தில் இரத்தம் என்று அவர்க்கு விளங்கிவிடும். எத்தனை நாளாக, எவ்வளவு, சளி உண்டா, எடை குறைந்ததா என்பவற்றைச் சொன்னால் போதும். தந்தை, தாய், உடன்பிறந்தார் எவருக்கேனும் குடற்புற்று இருந்திருந்தால் அதையும் சொல்லவேண்டும். அத்தகையோர் நோய்க்குறி இல்லாவிடினும் நாற்பது வயதிலேயே, அல்லது அதற்கும் முன்னரே, பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கட்டி என்று தெரிந்தபின் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது? அதன் அளவு என்ன? எந்த அடுக்கு வரை இறங்கியுள்ளது? வயிற்றைத் திறக்காமல் எடுக்க இயலுமா? அதற்குரிய கருவியும் பயிற்சியும் இங்கே உண்டா, இல்லையேல் எங்கே உண்டு? பை வைக்க நேருமா? நேரின், சில காலத்திற்கா, என்றென்றைக்குமா? இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். பதில்களையும் அதே தாளில் குறித்து, பரிசோதனைத் தாள்களோடு பத்திரப்படுத்த வேண்டும்.

நாம் கற்பனை செய்த அந்தத் தொழிலாளிக்குத் திரும்புவோம். அவர் இந்த வாரமே பரிசோதனைக்குச் சென்றால், மூலம் என்று தெரிந்து நிம்மதியோடு திரும்பலாம். அல்லது கட்டி என்று தெரிந்து, சில வாரங்களில் குணமடைந்து வேலைக்குத் திரும்பலாம். பொங்கல் வரை, அடுத்த பொங்கல் வரை என்று அவர் தள்ளிக்கொண்டே போனால், 'தீங்கற்ற' என்ற சொல் அவரை விட்டு என்றோ ஒரு நாள் நீங்கிவிடும். மலத்தில் இரத்தம் காண்பது வெட்கத்திற்குரியதன்று. அதை வீட்டில் ஒருவரிடமேனும் இன்றே சொல்லிவிடுவது, சிகிச்சையின் முதற்படியை ஏறிவிட்டதற்குச் சமம்.